‘மனிதச் செயல்பாடு’ என்று எழுதுகிறீர்களே, எந்த மனிதர்?

பழவேற்காடு ஏரியில் தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது பாசி பிடிக்கும். முதலில் கரையோரம், ஆழமில்லாத இடங்களில் பச்சை நூல் நூலாகத் தெரியும். சில வாரங்களில் அது போர்வையாகப் படர்ந்துவிடும். துடுப்பு மாட்டும், வலை மாட்டும், நடந்தால் கால் மாட்டும். அப்புறம் ஒரு நாள் வெளிறிப்போய், காற்று தள்ளும் பக்கமாக ஒதுங்கி, குவியல் குவியலாக அழுகும். அழுகிய முட்டை நாற்றம். கரையோரக் குடிசைகளில் சோறு தின்ன முடியாது.

என் முனைவர் பட்ட ஆய்வு இந்தப் பாசியைப் பற்றியதுதான். ஆறாவது ஆண்டில் இருக்கிறேன். ஆய்வேட்டின் வரைவை முடித்த பிறகு, ஒரு சந்தேகத்தில் கணினியில் ஒரு சொல்லைத் தேடினேன்: ‘மனிதச் செயல்பாடுகளால்’. 41 இடங்களில் வந்தது. பாசி பெருகுவது மனிதச் செயல்பாடுகளால். முகத்துவாரம் தூர்வது மனிதச் செயல்பாடுகளால். மீன்வளம் குறைவது மனிதச் செயல்பாடுகளால். எந்த மனிதர் என்று ஓரிடத்தில்கூட நான் எழுதியிருக்கவில்லை. பாசிக்கு உல்வா, கீட்டோமார்ஃபா, கிராசிலேரியா என்று பேரினப் பெயர் வரைக்கும் பிரித்துப் பெயர் வைத்திருந்தேன். மனிதரை மட்டும் ஒரே இனமாகக் கட்டி மூட்டையாக வைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த மூட்டையை அவிழ்ப்பதற்காக. ஏரியில் தழைச்சத்தைக் கொட்டுகிற முடிவை எடுப்பவர் ஒருவர். அதைக் கையால் தூவுபவர் இன்னொருவர். அது பாசியாக விளைந்த பிறகு அந்தத் தண்ணீருக்குள் கழுத்தளவு உட்காருபவர் வேறொருவர். இவர்களைப் பிரித்து நிறுத்துவது சாதி. சூழலியல் இதைச் சொல்லாதவரை, அது பாதி உண்மையைத்தான் அளந்துகொண்டிருக்கிறது.

பாசி என்ன சாப்பிடுகிறது?

அறிவியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்முனை தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகியவை நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. ஏரி ஆழமில்லாதது. பல இடங்களில் ஆள் நடந்து போகலாம். வெளிச்சம் அடிமண் வரை இறங்கும்.

கடற்பாசிக்கு வேண்டியது மூன்று: வெளிச்சம், சத்து, கலங்காத தண்ணீர். வெளிச்சத்தை வானம் தருகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் வயலிலிருந்தும், இறால் பண்ணையிலிருந்தும், ஊர்ச் சாக்கடையிலிருந்தும் மழைத் தண்ணீரோடு வந்து சேர்கின்றன. முகத்துவாரம் மண்மேடிட்டு அடைத்துக்கொண்டால், வந்த சத்து வெளியே போகாது. தண்ணீர் குட்டையாகத் தேங்கும். உல்வா போன்ற மெல்லிய பச்சைப்பாசிகள் தழைச்சத்தை வேகமாக உறிஞ்சிக்கொண்டு சில நாட்களிலேயே பெருகக்கூடியவை. இவை இயற்கையாகவே உப்பங்கழியில் வாழ்பவைதான். பாசி ஒரு நோய் கிடையாது. அது அளவு மீறிப் பெருகும்போது, நாம் ஏரிக்குள் எதையெல்லாம் தள்ளினோம் என்பதற்குக் கணக்கு காட்டுகிறது.

பாசிக்குச் சாதி தெரியாது. யூரியா யார் வயலிலிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும்.

அம்மாவின் கை

நான் ஆரணியாற்றுப் பக்கத்துக் காலனிப் பிள்ளை. என் அம்மா நெல் வயலில் கூலி வேலை செய்கிறார். நடவு, களை, அறுப்பு எல்லாம் செய்வார். யூரியா தூவுவதும் அவர் வேலைதான். புடவை முந்தானையை மடியாகக் கட்டி, அதில் யூரியாவை அள்ளிப் போட்டுக்கொண்டு, சேற்றில் நடந்தபடியே வீசுவார். விரல் இடுக்குகளில் வெடிப்பு விழுந்து, ராத்திரி குழம்புச் சோறு பிசையும்போது எரியும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா கரண்டியால்தான் சாப்பிடுகிறார். அதை நாகரிகம் என்று நினைத்துச் சின்ன வயதில் பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. நெல் வயலில் போடுவதில் பாதிக்கும் மேல் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. கொஞ்சம் காற்றில் போகிறது, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது, மீதி வாய்க்கால் வழியாக ஆற்றுக்கும் ஆற்றிலிருந்து ஏரிக்கும் போகிறது. நான் ஏரியில் எடுத்த தண்ணீர் மாதிரியில் நைட்ரேட்டை அளக்கும்போது, அதில் ஒரு துளியாவது என் அம்மாவின் முந்தானையிலிருந்து வந்ததாக இருக்கும்.

அப்படியானால் அம்மாவும் ‘மனிதச் செயல்பாடு’தான். ஆனால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று அம்மா முடிவு செய்வதில்லை. நிலத்துக்காரர் முடிவு செய்கிறார். அவருக்கு உரக்கடைக்காரர் சொல்கிறார். அரசு மானியம் மூட்டையின் விலையைக் குறைத்து வைத்திருக்கிறது. மானியத்தின் பலன் மூட்டை வாங்குபவருக்குப் போகிறது. மூட்டை வாங்க நிலம் வேண்டும். அம்மாவுக்கு நிலம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கும் இதே மண்ணில் பதில் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பொன்னேரி அன்றைக்கு அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின, யார் பெயரில் பட்டாவாகின என்ற கதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்குப் புதிதல்ல. நிலம் எங்களிடம் இருந்திருந்தால் ஏரிக்கு யூரியா போயிருக்காது என்று நான் சொல்லவில்லை. நாங்களும் போட்டிருக்கலாம். ஆனால் அது எங்கள் முடிவாக இருந்திருக்கும், அதற்கு எங்களைப் பொறுப்பாக்குவதும் நியாயமாக இருந்திருக்கும். இன்றைக்கு முடிவும் லாபமும் ஒரு பக்கம், வெடித்த விரலும் குற்றப்பெயரும் மறுபக்கம். இரண்டுக்கும் சேர்த்து ‘மனிதர்’ என்று பெயர் வைப்பதை அறிவியல் என்கிறோம்.

1000 மீட்டர்

இறால் பண்ணைக்கு வருவோம். பண்ணை இறாலுக்குப் போடும் தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி இறாலின் உடம்பில் சேர்வதில்லை. தின்னாத தீவனமாகவும் கழிவாகவும் குட்டையில் தங்குகிறது. குட்டையை வடிக்கும்போது எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போகிறது. பக்கத்தில் இருப்பது ஏரி.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். அவரும் கிருஷ்ணம்மாள் அவர்களும் கீழ்வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் தொழிலாளர்களுக்கு நிலம் பெற்றுத்தருவதற்காக உழைத்தவர்கள். அவர் காந்தியர். அவருடைய அரசியலோடு நமக்கு முரண்பாடு உண்டு. ஆனால் இறால் பண்ணையை ‘சுற்றுச்சூழல் பிரச்சினை’ என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. கூலி வேலை தரும் நெல் வயல் உப்புக் குட்டையாக மாறினால் முதலில் பட்டினி கிடப்பது சேரிதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்ன அந்தத் தீர்ப்பு, இரண்டு ஏரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது: சிலிகாவிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது.

வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் அதே தீர்ப்பு சொன்னது. அடுத்து என்ன நடந்தது? 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பின் தடையிலிருந்து பண்ணைகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஏற்றுமதிக்கு அந்நியச் செலாவணி வருகிறதே! உப்பங்கழிப் பாசி பற்றிய ஆய்வேடுகள் இந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டுவதில்லை. என்னுடையதும் காட்டவில்லை. ‘மனிதச் செயல்பாடு’ என்ற சொல் இருக்கும்போது நாடாளுமன்றம் எதற்கு?

விடியற்காலை அளக்காத ஆக்சிஜன்

மூன்று ஆண்டுகள் நான் ஏரித் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளந்தேன். பல்கலைக்கழக வண்டி காலை 10 மணிக்குத்தான் கரைக்கு வரும். 10இலிருந்து 12 மணிக்குள் மாதிரி எடுப்பேன். பாசி நிறைந்த இடங்களில் ஆக்சிஜன் அளவு அமோகமாக இருந்தது. மீன் நன்றாக வாழ லிட்டருக்கு 5 மில்லிகிராம் போதும். என் எண்கள் அதையெல்லாம் தாண்டி நின்றன. ஏரி நலம் என்று என் வரைபடம் சொன்னது.

கரையில் இருளர் பெண்கள் சிலர் எனக்குப் பழக்கம். அவர்களுக்குப் படகும் வலையும் கிடையாது. தண்ணீருக்குள் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட, பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒரு அக்காவிடம் என் வரைபடத்தைக் காட்டி, “இங்கல்லாம் தண்ணி நல்லாதான்கா இருக்கு” என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

“நீ எப்ப வர்ற? வெயில் வந்தப்புறம் வர்ற. வெடியகாலம் வந்து பாரு பாப்பா. நண்டு கரை ஏறி நிக்கும்.”

போனேன். இருட்டோடு, 4 மணிக்கு. அவர் சொன்னது அப்படியே இருந்தது. நண்டும் சின்ன மீன்களும் இறால் குஞ்சுகளும் கரையோர விளிம்பில், ஒரு விரல் ஆழத் தண்ணீரில், நகராமல் கிடந்தன. தொட்டாலும் ஓடவில்லை. மீட்டரைத் தண்ணீரில் வைத்தேன். எண் இறங்கிக்கொண்டே போய், மீன் மூச்சுத் திணறும் அளவுக்கும் கீழே நின்றது.

பாடப்புத்தகத்தில் படித்ததுதான். பகலில் பாசி வெளிச்சத்தைக் கொண்டு ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவும் நம்மைப் போல மூச்சு விடும், தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சும். பாசி அதிகமானால் விடிவதற்குச் சற்று முன்பு தண்ணீர் மூச்சற்றுப் போகும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் 10 மணிக்கே அளந்தேன், ஏனென்றால் வண்டி 10 மணிக்குத்தான் வந்தது. என் தரவு ஏரியின் நேரப்படி இயங்கவில்லை, சம்பளக்காரரின் நேரப்படி இயங்கியது. ஏரியின் நேரம், ஓதம் இறங்கும் நேரத்துக்கு எழுந்து தண்ணீரில் இறங்கும் அந்த அக்காவிடம் இருந்தது.

அவரிடம் அன்றைக்குப் பறி நிறைய இறால் இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். திணறும் இறாலைப் பிடிப்பது சுலபம் அல்லவா? “ரெண்டு நாளைக்குக் கெடைக்கும். அப்புறம் பத்து நாளைக்கு ஒண்ணும் இருக்காது. கை வச்சா பாசிதான் வருது, எறா வரல” என்றார். அவர் கையைப் பார்த்தேன். தடிப்பும் சொறியும். அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. ஒரே தழைச்சத்து, இரண்டு கை. ஒரு கை ஏரிக்கு மேலே வயலில், இன்னொரு கை ஏரிக்குள்.

இதை ஆய்வேட்டில் எழுதினேன். ஆய்வுக்குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “சாதி எல்லாம் சமூகவியல் துறைக்கு. நீங்க நைட்ரேட்டை அளந்தாப் போதும். அந்த அம்மாவை வேணும்னா நன்றியுரையில சேர்த்துக்கங்க.”

என் மூன்றாண்டுப் பிழையைத் திருத்தியவருக்கு நன்றியுரையில் ஒரு வரி. அதுவும் பெயரில்லாமல், ‘உள்ளூர் மீனவப் பெண்கள்’ என்று. அந்த ஏரியில் அவரை யாரும் மீனவர் என்றே ஒப்புக்கொள்வதில்லை என்பது பேராசிரியருக்குத் தெரியாது.

‘மீனவ மக்கள்’ என்ற இன்னொரு மூட்டை

இங்கே நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து, அனல்மின் நிலையத்தை எதிர்த்து, முகத்துவாரத்தைத் தூர்வாரக் கோரி நடக்கும் போராட்டங்களில் நாமும் நிற்கிறோம். நிற்கத்தான் வேண்டும். ஆனால் நாம் எழுதும் துண்டறிக்கைகளில் ‘பாரம்பரிய மீனவ மக்கள்’ என்று ஒரே சொல் வருகிறது.

பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைக் குலுக்கல் போட்டுச் சுழற்சியில் முடிவு செய்வார்கள். வலுத்தவன் மட்டுமே அள்ளிக்கொண்டு போகாமல் எல்லோருக்கும் முறை வரும். பொதுவளத்தை மக்களே நிர்வகிப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு என்று இதைப் பாராட்டி எழுதியவர்கள் உண்டு. பாராட்டத் தகுந்ததுதான். ஆனால் குலுக்கலில் சீட்டு யாருக்கு? பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டு கிடையாது. சாதிக்குள் சமத்துவம், சாதிக்கு வெளியே விலக்கம். கிராமக் கோயில் திருவிழா முதல் ஊர்ப் பொதுக்குளம் வரை நாம் பார்த்துப் பழகியது இதைத்தானே?

பட்டினவ மக்களை எதிரியாக்குவது என் நோக்கம் கிடையாது. துறைமுகமும் சாம்பல் கழிவும் அவர்களையும் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதுதான். மேலிருந்து மிதிபடுகிறவருக்கும் கீழே மிதிக்க ஒருவர் இருக்கிறார். பாசி வரும்போது இந்தப் படிநிலை தண்ணீரில் துல்லியமாகத் தெரிகிறது. நல்ல ஓட்டமுள்ள இடங்களில் பாசி நிற்காது. அவை பாடு உள்ளவர்களுக்கு. ஓட்டமில்லாத ஓரங்களில்தான் பாசி தங்கி அழுகும். படகும் சீட்டும் இல்லாதவர்களுக்கு அந்த ஓரங்கள். எந்த இடத்தில் ஆக்சிஜன் குறைவு என்று காட்டும் என் வரைபடத்தின் மேல், யார் எங்கே மீன்பிடிக்கலாம் என்ற வரைபடத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின.

1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்தில் தண்ணீரைத் தொடும் உரிமைக்காக அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு போனார். நல்ல தண்ணீரைத் தொடக் கூடாது என்பது சாதியின் ஒரு முகம். கெட்ட தண்ணீருக்குள் நீதான் இறங்க வேண்டும் என்பது அதன் இன்னொரு முகம். மலக்குழியில் இறங்குவோருக்காக நாம் பேசியது இரண்டாவது முகத்தைப் பற்றித்தான். உப்பங்கழியிலும் அது இருக்கிறது என்பதை நாம் இன்னும் பேசவில்லை.

அழுகியதை யார் அள்ளுவது?

போன ஆண்டு ஒரு கரையோர ஊரில் ஏதோ விழா. முக்கியப் பிரமுகர்கள் வருவதாகச் சொன்னார்கள். படகுத் துறையில் அழுகிய பாசி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதை அள்ள ஆள் தேடி எங்கே போனார்கள்? நேராக இருளர் குடியிருப்புக்கு. கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. கூடையும் நாள் கூலியும். ஊரில் வேலையில்லாத இளைஞர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிட நினைக்கவில்லை. நாற்றம் எடுத்த எதையும் அள்ள யார் வர வேண்டும் என்று இந்தச் சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நாற்றம் வெறும் நாற்றமில்லை. குவியலுக்குள் காற்றுப் புகாமல் பாசி அழுகும்போது வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மலக்குழியில் உயிரைக் குடிக்கும் வாயுக்களில் ஒன்று. அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். அப்போதுதான் ஆபத்து அதிகம்.

பிரான்சின் பிரெட்டனிக் கடற்கரையில் பன்றிப் பண்ணைகளின் கழிவும் வயல் உரமும் சேர்ந்து பல பத்தாண்டுகளாக உல்வா பாசியைப் பெருக்கி வருகின்றன. 2009 ஜூலையில் அழுகிய பாசிக்குள் சிக்கி ஒரு குதிரை செத்தது. நாடே பேசியது. அதற்குப் பிறகுதான், அதற்குச் சில நாட்கள் முன்பு பாசி ஏற்றிய லாரியின் ஓட்டுநர் ஒருவர் இறந்திருந்ததும் பேசப்பட்டது. அவருடைய மரணத்தை வேலையிடத்து விபத்து என்று நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 2018 ஆனது. பணக்கார நாட்டில், வெள்ளைத்தோல் தொழிலாளிக்கு ஒன்பது ஆண்டுகள். குதிரைக்கு அடுத்த இடம். நம் ஊரில் இருளர் பெண் ஒருவர் பாசி அள்ளி மயங்கி விழுந்தால், அதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013 சட்டம் சாக்கடைக்கும் கழிவுத்தொட்டிக்கும் பேசுகிறது. ஏரிக்கரையில் குவிந்து அழுகும் பாசிக்கு அது வாய் திறக்காது. அதே வாயு, அதே மக்கள். சட்டத்தில் மட்டும் இடம் வேறு.

இப்போது இன்னொரு பேச்சும் வருகிறது. பாசியைக் காசாக்கலாமாம். உரமாக்கலாம், எரிவாயுவாக்கலாம், ‘நீலப் பொருளாதாரம்’. செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்குள் இறங்கி அள்ளுவது யார், கம்பெனியின் பங்குதாரர் யார் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வராதவரை, அது பழைய கூலி வேலைக்குப் புதுப் பெயர்.

என்ன செய்யலாம்?

‘அறிவியலில் சாதியைக் கலக்காதே’ என்பார்கள். கலந்தது நானில்லை. காலை 10 மணி வண்டியில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இன்னொரு பக்கம் நம் தோழர்கள் சிலர், ‘சுற்றுச்சூழல் எல்லாம் பறவை பார்க்க வருபவர்களின் கவலை, நமக்கு எதற்கு’ என்கிறார்கள். அவர்களுக்கும் சொல்கிறேன். பூநாரை பார்க்க வருபவர்கள் மாலையில் கார் ஏறிப் போய்விடுவார்கள். பாசி யார் வீட்டு வாசலில் அழுகிறதோ அவர்கள் நம் மக்கள். இந்தக் களத்தை நாம் காலி செய்தால், அங்கே நம்மைப் பற்றிப் பிறர் எழுதுவார்கள், ‘மனிதச் செயல்பாடு’ என்று.

கோரிக்கைகள் எளியவை. 1996 தீர்ப்பு சொன்ன 1000 மீட்டருக்குள் இன்று எத்தனை பண்ணைகள் இருக்கின்றன, யாருடையவை என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். படகும் வலையும் இல்லாமல் கையால் மீன்பிடிக்கும் பெண்களை மீனவர் என்று பதிவு செய்து, மீனவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு நிவாரணமும் அவர்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006, நீர்நிலைகளில் மீன் மீதான பழங்குடிகளின் உரிமையையும் பேசுகிறது. சரணாலய எல்லைக்குள் அது எங்கெங்கே பொருந்தும் என்று வழக்கறிஞர் தோழர்கள் ஆராய வேண்டும். அழுகிய பாசியை அள்ள இயந்திரம் வேண்டும். கூடையோடு குடியிருப்புக்குப் போய் ஆள் கூப்பிடுவது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். பாடு பற்றிப் பட்டினவத் தோழர்களோடு போராட்டப் பந்தலில் உட்கார்ந்தே பேச வேண்டும். துறைமுகத்தை விரட்டிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது.

ஆய்வு மாணவர்களாக இருக்கும் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் ஆய்வேட்டைத் திறந்து ‘மனிதச் செயல்பாடு’ என்று தேடுங்கள். வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, முடிவெடுத்தவர் யார், கூலிக்குச் செய்தவர் யார், தண்ணீரில் நிற்பவர் யார் என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் நீளும். நெறியாளர் கோபப்படுவார். எழுதுங்கள்.

அடுத்த மாதம் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். 41 இடங்களையும் திருத்திவிட்டேன். விடியற்காலை அளவீடுகளை நான்காவது அத்தியாயமாக வைத்திருக்கிறேன். அந்த அக்காவிடம் சம்மதம் கேட்டு, அளவீட்டு முறை பற்றிய பகுதியில், அந்த நேரத்தில் அளக்கச் சொன்னவர் அவர்தான் என்று எழுதியிருக்கிறேன். நன்றியுரையிலிருந்து அவரை எடுத்துவிட்டேன். குழு அதை நீக்கச் சொல்லலாம். நீக்கினால் பட்டம் சீக்கிரம் கிடைக்கும். வீட்டில் அம்மா, “எப்பதான்டி முடிப்ப?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். யூரியா பற்றிய இடம் வந்ததும் அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதையெல்லாமா அங்க போய் எழுதுவ?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப நெலத்துக்காரன் பேரையும் எழுது” என்றார்.